மஞ்சள் மலை

"இந்த மலை எங்கே?"

எங்கள் விடுதிக்கு வந்த வெள்ளைக்காரி எமா ஒரு நீர்வண்ண ஓவியத்தை நீட்டினாள். அவளுடைய பூட்டனார் எங்கள் ஊர் பொத்துவிலுக்கு வந்தபோது வரைந்தது. வயல் நடுவே மஞ்சளாய் ஒரு மலை. அதில் ஏறி நிற்கத்தான் லண்டனிலிருந்து வந்திருந்தாள்.

"ஊர் முழுக்கச் சுத்தியாச்சு மச்சான், மலையக் காணல்ல. அழப் போறா போல" என்றான் ஓட்டோக்கார இன்ஸாப்.

சோறு போட வந்த என் அக்கா சுபைறா ராத்தா ஓவியத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது மலையாடா? வெட்டின நெல்லக் குவிச்சி வெச்ச சூடு! முந்தி வெட்டி அடிக்க மிஷினா இருந்த?"

"அப்ப இவக்கு என்னண்டு சொல்ற?" என்று கேட்டேன்.

"மலைய எங்கட ஆக்கள் ஆக்கித் திண்டு முடிச்சிட்டாங்கண்டு சொல்லு."

ஆங்கிலத்தில் சொன்னேன். எமா ஓவியத்தை ஓரமாக வைத்தாள். பிறகு ராத்தாவிடம் சோற்றுப் பீங்கானை நீட்டினாள்.

"எனக்கு இன்னும் கொஞ்சம் மலை."