பத்து குதிரைசக்திக்கு ஒரு மனு

அரிசி மில்லுக்கு என்று மின்சாரம் கேட்டிருந்த கொட்டகையில் ஒரு நெல்மணிகூட இல்லை. எந்திரமும் இல்லை. மண் தரையை மட்டும் அன்று காலையில்தான் மெழுகியிருந்தார்கள்.

மின்வாரிய சூப்பர்வைசர் பங்கிராஸ் கையிலிருந்த மனுவை மறுபடி பார்த்தார். 1959 ஜூலை தேதி. பத்து குதிரைசக்தி மோட்டார். மனுதாரர் சின்னப்பிள்ளை, கூலி வேலை. கொட்டகையோ உடையப்பன் பெயரில் இருந்தது.

அந்த வட்டாரத்துக்கு இருந்த ஒரே மில் உடையப்பனுடையது. டீசல் இன்ஜினில் ஓடுவது. குளத்தூர்ப் பக்கம் புதிதாக வைத்த டிரான்ஸ்பார்மரில் இன்னும் ஒரு மில்லுக்குத்தான் மின்சாரம் மிச்சம். அதைக் கூலிக்காரி ஒருத்தி பெயரில் வாங்கிச் சும்மா போட்டுவைத்தால், போட்டிக்கு வேறு யாரும் வர முடியாது. போன வருஷம் வேறோர் ஊரில் இப்படித்தான் ஏமாந்துபோனார் பங்கிராஸ்.

முந்தானையைத் தோளோடு போர்த்தியிருந்த சின்னப்பிள்ளை அவருக்கு மோர் கொடுத்தாள். திரும்பப் போய், கூட வந்த லைன்மேனுக்கு இன்னொரு லோட்டா எடுத்துவந்தாள்.

"மில்லு ஓட்டத் தெரியுமாம்மா?"

"ஏழு வருசம் மிசின்ல நெல்லு கொட்டியிருக்கேன் சார். பிளேடு தேஞ்சிருந்தா சத்தத்துலயே சொல்லிப்புடுவேன்."

"யாரு மில்லுல?"

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே உடையப்பனே நின்றுகொண்டிருந்தார்.

பங்கிராசுக்குச் சுருக்கென்றது. "ஒங்களுக்குப் போட்டியா மில்லு வைக்க நீங்களே எடம் குடுப்பீங்களா? யாருகிட்ட கதை விடுறீங்க?"

"எம் மில்லு ஓடலைங்க. மார்கழியோட மூடிட்டேன்."

"நல்லா ஓடுன மில்லை எதுக்கு மூடணும்?"

உடையப்பன் மேல்துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பங்கிராஸ் பேனாவைத் திறந்தார். 'பினாமி மனு. நிராகரிக்கலாம்' என்று எழுதத் தொடங்கினார்.

"செத்த இருங்க சார்."

சின்னப்பிள்ளை முந்தானையை விலக்கினாள். இடது கை முழங்கையோடு முடிந்திருந்தது.

"பெல்ட்டு இழுத்துருச்சுங்க. மொதலாளிதான் இன்ஜினை நிறுத்த ஓடுனாக. அது நிக்கிறதுக்குள்ள..." அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நஷ்டஈடு வேணாம், எனக்கொரு மில்லு வச்சுக் குடுங்கன்னு நான்தான் கேட்டேன்."

உடையப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே திரும்பினார். பங்கிராசின் பேனா நின்றுவிட்டது.

அவள் ஓரடி முன்னால் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"கரண்டு மிசினை ஒத்தக் கையாலயே நிறுத்திப்புடலாமாமே சார், நெசந்தானா?"