பஸ் போர்டு

ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் ஞானப்பிரகாசத்துக்குத் திரையில் எழுத்து மெலிந்து, கடுகாய்ப் பொடிந்து கிடந்தால்தான் அழகு. பக்கத்து மேசை சம்ஷாத் பெரிய, பட்டையான எழுத்து வைத்திருந்தாள். “என்னம்மா, பஸ் போர்டா? ரோட்டுல நிக்கிறவன் ஏறிடப் போறான்” என்று ஆபீஸையே கூட்டிச் சிரிக்கவைத்தவர் அவர்.

நாளை ஆபரேஷனுக்குப் போகும் ஒரு பெண்ணின் பெயர் இன்று இரண்டு தடவை பதிவாகி, இரண்டு வரிகளில் நின்றது. பதிவு எண் மூன்றில் முடியும் வரி தவறானது, அதை அழிக்க வேண்டும். எட்டில் முடிவதில்தான் அவளுக்கு எந்த மருந்து ஆகாது என்ற குறிப்பு இருந்தது.

ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தார். மூன்றுதானே? கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். மூக்கு திரையில் இடித்தது.

“சம்ஷாத்... அந்த போர்டை இங்கயும் கொஞ்சம் மாட்டிவிடும்மா.”

அவள் வந்து எழுத்தைப் பெரிதாக்கினாள். அவர் அழிக்கவிருந்தது எட்டு, கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவருக்குக் காது மடல் சுட்டது.

“ஸ்டாப் வந்துருச்சு சார், பாத்து இறங்குங்க” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

டீ குடிக்கப் போனவர்களின் சிரிப்பு வாசலுக்கு வந்துவிட்டது. எழுத்தைச் சுருக்கக் கை தானாகப் போனது. விசைக்கு மேலே விரல் நின்றது.