துண்டின் மறுமுனை

ஐப்பசி மழையில் பாவு நூல் ஈரம் கோத்துக்கொண்டால் தறியில் உட்கார முடியாது. தணிகாசலத்தின் தறியோ ஆடியிலிருந்தே சும்மா கிடந்தது. கரையைத் தனியாகக் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, கரை இழை கொண்டுபோகும் நாடாவை ஓட்ட இன்னொரு ஆள் வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த தம்பி வேதாசலம் ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டான். பேச்சே இல்லாத ஆள். தன் நாடா ஓடி முடிந்ததும் இழையை இரண்டு தரம் சுண்டுவான். உடனே அண்ணன் அடுத்த இழையை ஓட்டுவார்.

தூறல் விட்ட ஒரு காலையில் அவரும் மனைவி சுகந்தியும் வாலாஜாபாத் தாண்டியிருந்த முருகர் குன்றுக்குப் போனார்கள்.

"தறிய வித்துடலாமா, வாணாமா? மேல போயாவது ஒரு முடிவா சொல்லிடுங்க" என்றாள் அவள்.

பாறை பாசி பிடித்து வழுக்கியது. மேகம் இறங்கி வழியை மூடியிருந்தது. அவர் திரும்பிப் பாராமலே தோள்துண்டின் ஒரு முனையைப் பின்னால் நீட்டினார்.

"கெட்டியா புடிச்சிக்கோமா."

துண்டு இறுகியது. அவர் நின்றால் தளர்ந்தது, நடந்தால் இழுபட்டது.

உச்சி மண்டபத்தில் சுகந்தி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ நேரமா? வழுக்குதுன்னு நான் அடிவாரத்துலயே படிக்கட்டுப் பக்கம் திரும்பிட்டேன். கூப்ட்டேனே, காதுல விழலயா?"

துண்டின் மறுமுனை கசங்கி, வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கடலை தின்றார், சாமி கும்பிட்டார்.

இறங்கும்போது சுகந்தி முன்னால் போனாள்.

"என்னா முடிவு பண்ணீங்க?"

அவர் நின்று, துண்டின் முனையைப் பின்னால் விட்டார். மறுபடி தூறல் பிடித்தது. யாரோ மெல்ல இரண்டு தரம் சுண்டினார்கள்.

"தறி இருக்கட்டும்மா" என்று சொல்லி, அடுத்த அடியை எடுத்து வைத்தார்.