வாராவாரம் லேட்

“அந்த ஆளுக்கு ஈவிரக்கமே கிடையாது சார்!” மேஜையைத் தட்டாத குறையாகச் சொன்னாள் பயிற்சி மாணவி.

மனநல மருத்துவமனையின் மாடி அறை. வாரம் ஒருமுறை மாணவர்கள் தங்கள் கேஸ்களைப் பெரிய டாக்டர் முன்னால் வைத்து, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடம்.

“யாரு, அந்த பஸ் டிரைவரா?”

“ஆமா சார். ஊருக்கெல்லாம் நேரத்துக்கு பஸ் எடுக்கிறவர், எங்கிட்ட மட்டும் வாராவாரம் லேட். ஏன்னு கேட்டா சிரிக்கிறார்.”

“எதுக்கு வர்றார்?”

“'நீ மனுஷனா கல்லா, அடுத்தவங்க மனசே உனக்குப் புரியாதா'ன்னு சண்டை போட்டுட்டு மனைவி அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. இங்க வந்து சரியானாத்தான் திரும்பி வருவாங்களாம்.”

பக்கத்திலிருந்த சோடாபுட்டிக் கண்ணாடி மாணவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “சின்ன வயசுல அப்பா இவரைக் காக்க வச்சிருப்பார். இப்ப இவர் உன்னைக் காக்க வைக்கிறார். அவர் ஆழ்மனசுல நீதான் அப்பா!”

“நான் அவருக்கு அப்பாவா? அவர் மீசையைப் பார்த்திருக்கியா நீ?”

“அந்த டிஷ்யூ பெட்டி சமாச்சாரத்தைச் சொல்லு,” என்றான் அவன்.

“அதைக் கேளுங்க சார். அழுதா துடைச்சுக்கட்டுமேன்னு அவர் பக்கம் பெட்டியை வைக்கிறேன். வந்து உக்காந்ததும் முதல் வேலையா அதை என் பக்கம் தள்ளிவிடறார்!”

“அழுகை பொம்பளைங்களுக்குத்தான்னு அர்த்தம்,” என்றான் சோடாபுட்டி.

“சரி, உன் முடிவு என்ன?” என்றார் பெரிய டாக்டர்.

“தன் உணர்ச்சியைப் பூட்டி வச்சிருக்கார். அதனால அடுத்தவங்க உணர்ச்சியும் கண்ணுல படாது. லேட்டா வர்றது சிகிச்சைக்குக் காட்டற எதிர்ப்பு. மனைவி சொன்னது நூத்துக்கு நூறு சரி.”

“ஆதாரம்? நீ எழுதறது கேஸா, தீர்ப்பா? பேசாம வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அப்படி இல்ல சார், நான் என்ன சொல்றேன்னா...”

“வாயாடாதே. இன்னிக்கும் லேட்டா வந்தா கேஸை மூடிடு. வரிசையில எத்தனை பேர் காத்திருக்காங்க!”

கூட்டம் கலைந்தது. மாடிப்படித் திருப்பத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு தன் அறைக்கு வந்தாள். எதிர் நாற்காலி காலி.

டிரைவர் வந்தார், லேட்டாகத்தான். உட்கார்ந்தார். டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “உங்க கேஸை மூடச் சொல்லிட்டாங்க. வீட்ல என்ன சொல்லப் போறீங்க?”

டிரைவர் முகம் வெளிறியது. “மூடிடாதீங்க மேடம். அவ வராமலே போயிடுவா.”

“அப்ப உண்மையைச் சொல்லுங்க. அப்பா உங்களைக் காக்க வைப்பாரா?”

“அப்பாவா? அந்த மனுஷன் தங்கம். அவரை ஏன் இழுக்கிறீங்க?” மீசையைத் தடவினார். “நான் சீக்கிரமே வந்துடறேன் மேடம். கீழ்ப்படியில உக்காந்திருப்பேன்.”

“மேல வர்றதுக்கு என்ன கேடு?”

“யாராவது அழுதா எதிர்ல போய் நிக்க எனக்கு வராது மேடம். வீட்லயும் அப்படித்தான். அவ கண்ணு கலங்கினா, பாவம், நாம பார்த்தது தெரிஞ்சா கூசிப் போயிடுவாளேன்னு, பார்க்காத மாதிரி வெளிய போய் உக்காந்துடுவேன். அதைத்தான் கல்லுங்கறா.”

“சரி, இங்க யார் அழறாங்க?”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“முதல் வாரம் நேரத்துக்குத்தான் மேடம் ஏறி வந்தேன். குழாயைத் திறந்துவிட்டுட்டு நீங்க தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டிருந்தீங்க. அப்படியே இறங்கிட்டேன். அதுலேர்ந்து, குழாய்ச் சத்தம் நிக்கட்டும், கண்ணு சிவப்பு ஆறட்டும்னு கீழேயே இருந்துட்டு வர்றேன்.”

அவள் பேனாவை மூடினாள். “கேஸை... மூடலை,” என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டிரைவர் டிஷ்யூ பெட்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்திவிட்டு, எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.