கம்பஸ் போகும் லொறி

“அக்கா, இதுக்கு மேல ஷீட் ஒட்டினா நாளைக்கே உரிஞ்சு உங்கட கையில வரும்!”

சாந்தன் வெள்ளைத் துணியை விரித்துக் காட்டினான். லொறியின் முன்பக்கத் தரையில் ஒரே ஒரு தரம் இழுத்த துணி, கரிச்சட்டி துடைத்தது போல் கறுத்துப் போயிருந்தது.

“என்ன சொல்றீங்க?” என்றாள் ஐறீன்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. மட்டக்குளித் தொடர்மாடியின் முற்றத்தில் பாண் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. இரண்டாம் மாடியில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. படிக்கட்டடியில் கரம்போர்ட்காரர்களின் கூச்சல். கத்தாமல் ஒரு வார்த்தை கதைக்க வழியில்லாத இடம்.

“துப்பரவு காணாது எண்டு சொல்றன்!” என்று கத்தினான் சாந்தன்.

“அவ்வளவுதானே? நீங்க கொஞ்சம் நிழலில நில்லுங்க தம்பி.”

சாந்தனுக்கு வெள்ளவத்தையில் கடை. வாகனங்களுக்குள் சத்தம் நுழையாமல் இருக்கத் தடித்த கறுப்பு ஷீட் ஒட்டிக் கொடுப்பது தொழில். பளபளக்கும் கார்களையே பார்த்துப் பழகியவனுக்கு, மீன் ஏற்றி ஏற்றியே கிழடுதட்டிப் போன இந்த லொறியைக் கண்டதும் பாதி உயிர் போய்விட்டது. ஆசனத்தைக் கழற்றி, றப்பர் விரிப்பை உரித்தால் உப்புத் துரு, பழைய தார், காய்ந்த செதில். சக்கரங்களைச் சுற்றிப் புல் வேறு. அடிக்கடி எடுப்பதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஐறீன் சந்தையில் மீன் வெட்டுகிறவள். செதில் சுரண்டும் கத்தியோடு உள்ளே ஏறிக் குந்தினாள்.

“பாரை மீனுக்கே பயப்படாத நான், இந்தத் தாருக்கா பயப்படப் போறன்?”

தார் துண்டு துண்டாகப் பெயர்ந்தது. பிறகு கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தாள். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலரவிட்டு, தின்னரால் துடைத்தாள். ஆணித் தலைகளைச் சுற்றியிருந்த அழுக்கைத் தலையில் இருந்த கொண்டை ஊசியை உருவிக் கிண்டி எடுத்தாள். முகமெல்லாம் கறுப்பு. வாயில் மட்டும் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

“இந்தக் கிழட்டு லொறிக்கு ஏன் அக்கா இவ்வளவு பாடு?”

“என்ன தம்பி இப்பிடிக் கேக்கிறீங்க? என்ர மகள் இதிலதான் கம்பஸ் போகப் போறா.”

சாந்தனுக்குச் சிரிப்பு வந்தது. மீன் லொறியில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு! பஸ்ஸில் ஏற்றிவிட்டால் நோகாமல் போய்ச் சேர்ந்துவிடுமே அந்தப் பிள்ளை.

“போன முறை இந்தச் சத்தத்தாலதான் போகேலாமப் போச்சு,” என்றாள் ஐறீன், கையை நிறுத்தாமல். “தலையிடி எண்டு பிள்ளை அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இந்த முறை ஒரு சத்தம் உள்ளுக்கு வரக்கூடாது.”

அவனுடைய சிரிப்பு அடங்கிவிட்டது. பிரயாணம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவனுடைய தங்கைக்கும் அப்படித்தான். அவனுக்கு அந்தத் தாய்மேல் இரக்கம் வந்துவிட்டது.

மறுபடி துணியை இழுத்தான். இந்த முறை மங்கலாக ஒரு கோடுதான்.

“இனிக் காணும் அக்கா. ஒட்டுவம்.”

“காணாது. ஊத்தை இருந்தா நாளைக்கே உரிஞ்சு வரும் எண்டு நீங்கதானே சொன்னீங்க? தள்ளுங்க.”

மூன்றாம் துணி, பூசைக்குக் கட்டலாம் போல வெள்ளையாக வந்தது. ஐறீன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் இடுப்பை நிமிர்த்தினாள்.

சாந்தன் முதல் ஷீட்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் குனிந்தான். “முதல்ல என்ஜின் பக்கம்.”

“அங்க வேணாம் தம்பி.”

கரம்போர்ட்காரர்களின் கூச்சலில் பிழையாகக் கேட்டுவிட்டதோ என்று நினைத்தான். “என்ன?”

“என்ஜின் பக்கம் வேணாம். அதையும் சேர்த்துக் கதவுக்கும் கூரைக்கும் ரெட்டிப்பா ஒட்டுங்க.”

தொழில் தெரிந்தவனுக்கு இதைவிட அவமானம் இல்லை. “அக்கா, முக்கால்வாசிச் சத்தம் அங்க இருந்துதான் வரும்! அதை விட்டா, கண்டி றோட்டில களனி தாண்ட முதலே பிள்ளைக்குத் தலையிடி வந்திடும். பிறகு என்னைத்தான் ஏசுவீங்க.”

“கண்டி றோட்டா? அங்க ஏன்?”

“சொன்னா உங்களுக்கு விளங்காது. ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க, காட்டுறன்.”

ஐறீன் அசையவில்லை. சாந்தனே பொறுமையிழந்து கீழே குதித்து, துருப்பிடித்த பொனட்டை இரண்டு கையாலும் தூக்கினான்.

உள்ளே ஒரு பூனை நாலு குட்டிகளோடு படுத்திருந்தது. பூனைக்குக் கீழே சாக்கு. சாக்குக்குக் கீழே முற்றத்துப் புல்.

“அக்கா… என்ஜின் எங்க?”

“அதைப் போன வருசமே வித்து ட்யூசனுக்குக் கட்டியாச்சு.”

“அப்ப கம்பஸ்?”

மேல்மாடியில் சண்டை உச்சத்துக்குப் போனது. யாரோ ரேடியோவைக் கூட்டினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒரு கையில் மேசை விளக்கும் மறு கையில் புத்தகக் கட்டுமாக ஒரு பெண்பிள்ளை படியிறங்கி வந்துகொண்டிருந்தாள்.

“போவா தம்பி,” என்றாள் ஐறீன், வெள்ளைத் துணியால் தரையை இன்னொரு முறை துடைத்தபடி. “ஏ.எல். சோதனை இது ரெண்டாம் தரம். இதுக்குள்ள இருந்து படிச்சாப் போவா.”