நாற்பத்தாறு பேர் படை

"எட்டு மீட்டர் சிவப்புத் துணியைக் காணோம் ராத்தா. எடுத்தது வேலம்மாக்காதான்."

துணி வெட்டும் மாஸ்டர் ஹாஷிம் சொன்னது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக மிதியிலிருந்து காலை எடுத்தார்கள்.

அவன் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் முதலாளி மஸீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மெதுவாப் பேசுங்க ஹாஷிம். கண்ணால பார்த்தீங்களா?"

"முந்தாநாள் பின்னேரம் பெரிய பையோட பஸ் ஏறினாங்க. சிவப்பு நுனி வெளிய தெரிஞ்சிச்சே!"

மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரை மெயின் ரோட்டோரத்து அந்தத் தையல் கடைக்கு வழக்கமாக வருவது ஸ்கூல் யூனிபோர்ம். மிஞ்சிப்போனால் பேண்ட் கோஷ்டி உடுப்பு. இந்த முறைதான் கடல் தாண்டி ஓடர் வந்திருந்தது.

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அது தனி நாடாம். அதற்கு ஒரு குட்டி ராஜா, அவருக்கு ஒரு குட்டிப் படை. இப்போது திருவிழா வந்தால் ஊர்க்காரர்கள் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்களாம்.

படையின் மொத்தப் பலமே நாற்பத்தாறு பேர். அதில் ஒன்பது பேர் ஆபீசர். பட்டியலைப் பார்த்த அன்று ஹாஷிம் வயிறு வலிக்கச் சிரித்தான்.

"அஞ்சு பேருக்கு ஒரு ஆபீசர்! மத்தவன் சண்டைக்குப் போறதா, சல்யூட் அடிக்கிறதா?"

நீலக் கோட்டு, சிவப்புக் கழுத்துப்பட்டி, சிவப்புக் கைமடிப்பு. சிப்பாய்க்கு வெள்ளைப் பொத்தான், ஆபீசருக்குத் தங்க நிறம். கம்பளித் துணியையும் மாதிரிப் படத்தையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். மிஞ்சும் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது நல்லபடியாகப் போனால் அடுத்தடுத்த ஊர்க்காரர்களும் இங்கேயே தைக்கக் கொடுப்பார்கள் என்று பேச்சு இருந்தது.

வெட்டியது முழுக்க ஹாஷிம். அவன் கத்தரி வைத்தால் நூல் பிசகாது என்று மாத்தளை டவுனிலேயே பேர். அந்தப் பேரில் அவனுக்கு ஒரு இம்மி கூடச் சந்தேகம் கிடையாது. வெட்டி முடித்த பிறகும் சிவப்புத் துணி எட்டு மீட்டர் மிச்சம் என்று அளந்து மடித்து வைத்தவனும் அவன்தான்.

வேலம்மா தலையை நிமிர்த்தவில்லை. ஐம்பது தாண்டிய மனுஷி. கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறாள்.

"பேசுங்க அக்கா," என்றாள் மஸீனா. "எடுத்தீங்களா?"

"எடுத்தேன் மேடம்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் முகம் செத்துப்போனது.

"கேட்டீங்களா!" ஹாஷிம் மேசையைத் தட்டினான். "என்னத்துக்குன்னு சொல்லட்டும்!"

வேலம்மா ஒரு தரம் அவனைப் பார்த்தாள். பிறகு சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள். "கொழும்பு சார் வந்துட்டுப் போகட்டும் மாஸ்டர். எல்லார் முன்னுக்கும் வேணாம்."

"களவு எடுத்தவங்களுக்கு ரோசம் வேறயா? ராத்தா, இந்த வாசல்ல ஒண்ணு அவங்க இருக்கணும், இல்லாட்டி நான்."

மஸீனா பதில் சொல்லும் முன் வாசலில் வேன் வந்து நின்றது. கொழும்பு ஏஜன்ட் சாரங்கன். ஜெர்மன்காரர்களுக்காகச் சரக்கைச் சரிபார்த்து எடுத்துப் போக வந்தவன்.

அவன் கோட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, பொத்தான்களை இழுத்துப் பார்த்தான். சிப்பாய் சரி. ஆபீசர் சரி. கடைசிப் பெட்டியைத் திறந்தான்.

பிறகு மூன்று கோட்டுகளை வெளியே எடுத்தான். மூன்றும் நல்ல சிவப்பு. கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் மட்டும் நீலம்.

ஹாஷிம் கிட்டப் போய் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். இந்தக் கோட்டை அவன் வெட்டவே இல்லை.

"இதில பிழை விட்டிருப்பீங்களோ எண்டுதான் பயந்துகொண்டு வந்தனான்," என்றான் சாரங்கன், முகமெல்லாம் சிரிப்பாக. "மேளக்காரருக்கு நிறம் தலைகீழா இருக்கோணும். சண்டையில கட்டளை போறது மேளத்தில. புகைக்குள்ள ஆபீசர் நிறத்தை வச்சுத் தேடுறது மேளக்காரரைத்தானே. போன தரம் வேற இடத்தில குடுத்தம். படத்தில பிழை எண்டு நினைச்சு, மூண்டையும் நீலமாத் தைச்சுப்போட்டினம். முழு ஓடரும் திரும்பி வந்திட்டுது."

ஹாஷிமும் அப்படியேதான் நினைத்தான். படத்தில் மூன்று மேளக்காரர் சிவப்பாக இருந்ததைப் பார்த்து, 'அச்சடிச்சவன் தூங்கிட்டான்' என்று சொல்லிக்கொண்டு, அவர்களுக்கும் நீலத்தையே வெட்டி வைத்திருந்தான். எட்டு மீட்டர் எதற்கு மிஞ்சியது என்று அவன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"இதைக் கவனிச்சது ஆர்?" என்று கேட்டான் சாரங்கன். "அடுத்த ஓடருக்கு அவரைத்தான் பொறுப்பா எழுதப் போறன்."

மஸீனா ஹாஷிமைப் பார்த்தாள். அவன் கத்தரியை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தான்.

வேலம்மா எழுந்து நின்றாள்.

"எங்க ஹாஷிம் மாஸ்டர்தாங்க சார். மிச்சத் துணியைக் கையில குடுத்து, வீட்டுல வச்சு நிதானமாத் தைச்சிட்டு வாங்கன்னு சொன்னாரு. வேலை நெருக்கடியில அவரே அதை மறந்துட்டாரு போல."

கூடியிருந்த பெண்களுக்கு மூச்சு வந்தது. யாரோ சிரித்தார்கள். மஸீனாவின் முகம் தெளிந்தது. துணி போன வழி தெரிந்துவிட்டது, மாஸ்டர் பேரும் கெடவில்லை, ஓடரும் கிடைத்தாயிற்று. சாரங்கன் கை கொடுக்க முன்னே வந்தான்.

ஹாஷிம் கையை நீட்டவில்லை.

"அந்த அக்கா பொய் சொல்றாங்க சார்," என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "மேளக்காரருக்கும் நான் வெட்டினது நீலம்."