லிட்டருக்கு இருபத்துநாலு

ஞானசேகரன் தம் புது ஹைப்ரிட் காரை மலைப்பாதையில் உருட்டிக்கொண்டிருந்தார். ஆக்சிலேட்டரை அழுத்தினால் மைலேஜ் இறங்கிவிடுமாம். ஏசியையும் அணைத்துவிட்டார். பின்னால் வந்த பால் வண்டிகூட முந்திப் போயிற்று.

"இவ்ளோ பெரிய எஞ்சின் எதுக்குங்க? பூட்டிவெச்சுக் கும்பிடவா?" என்றாள் மனைவி எஸ்தர்.

"லிட்டருக்கு இருபத்துநாலு காட்டுது. பேசாம வா."

வளைவில் ஒரு ஜீப் பழுதாகி நின்றது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண் துடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியோ மலை உச்சியில். எஸ்தர் கணவரைப் பார்த்தாள். அவர் இறங்கித் தம் காரின் பின்கதவைத் திறந்தார்.

அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் உறுமியது. அந்தப் பெண்ணின் தலையை மடியில் தாங்கியிருந்த எஸ்தர், "ஐயோ, மெதுவாப் போங்களேன்!" என்று கத்தினாள். அது அவர் காதில் விழவே இல்லை.